பின்புலக் கதையின் நியாயம்: ஃபால்அவுட் விளையாட்டுலகும் கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையும்

ஒரு கதையின் முதன்மை நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கதையுலகில் நடந்து முடிந்தவற்றின் தொகுப்பு பின்புலக் கதை எனப்படும். காணொளி விளையாட்டு ஆடுவோர் இதை 'லோர்' என்று அழைக்கின்றனர். அந்த உலகில் யார் முதலில் குடியேறினர், நிலம் எப்படிக் கைமாறியது, பகை எங்கே தொடங்கியது போன்றவை இதில் அடங்கும். பேரழிவுக்குப் பிந்தைய உலகைக் காட்டும் ஃபால்அவுட் என்ற பாத்திரமேற்பு விளையாட்டு வரிசை, பின்புலக் கதைக்காகவே பெரிதும் பேசப்படுவது. கொங்கு நாட்டின் வாய்மொழிக் காப்பியமான அண்ணன்மார் கதையும் பஞ்சம், குடிபெயர்வு, சாபம், நிலப்பகை என மூன்று தலைமுறைப் பின்புலத்தைக் கொண்டது. இரண்டிலும் பின்புலம் ஒரே வேலையைச் செய்கிறது. கொள்ளையர், பகைவர் என்று கதை யாரைக் காட்டுகிறதோ அவர்கள் அப்படி ஆனது ஏன் என்பதை அது சொல்கிறது. பின்புலம் வெட்டப்பட்ட வடிவங்களில் கதை மிஞ்சுகிறது, நியாயம் பாதியாகிவிடுகிறது.

ஃபால்அவுட்: உலகின் அமைப்பு

ஃபால்அவுட் விளையாட்டின் முதல் பகுதியை அமெரிக்காவின் இன்டர்ப்ளே நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. அதே நிறுவனத்தின் வேஸ்ட்லேண்ட் (1988) இதற்கு முன்னோடி. இரண்டாம் பகுதி 1998-இல் வந்தது. பின்னர் உரிமை பெதஸ்டா நிறுவனத்துக்குச் சென்றது. மூன்றாம் பகுதி 2008-இலும், அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' 2010-இலும், நான்காம் பகுதி 2015-இலும் வெளிவந்தன. 2024-இல் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

இக்கதையுலகில் எண்ணெயும் பிற வளங்களும் தீர்ந்துபோக, நாடுகள் எஞ்சியவற்றுக்காகப் போரிடுகின்றன. 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் வீசப்பட்டு, சில மணி நேரத்தில் உலகம் அழிகிறது. 'வால்ட்' எனப்படும் நிலவறைகளில் அடைக்கலம் புகுந்த ஒரு பகுதி மக்கள் பிழைக்கின்றனர். முதல் விளையாட்டு 2161-இல் தொடங்குகிறது. நிலவறை 13-இன் நீர்ச் சுத்திகரிப்புக் கருவியில் ஒரு பாகம் பழுதாகிறது. அதற்கு மாற்றுத் தேடி ஒருவர் வெளியுலகுக்கு வருகிறார். இரண்டாம் விளையாட்டில் வறட்சியால் வாடும் ஒரு சிற்றூரைக் காக்கும் கருவியைத் தேடி அதே வீரரின் வழித்தோன்றல் புறப்படுகிறார். இரண்டுக்கும் தொடக்கம் தண்ணீர்ப் பஞ்சம் என்பது கவனிக்கத்தக்கது.

பின்புலம் வாசகரை அடையும் விதம்

ஃபால்அவுட் தன் பின்புலத்தைப் பெரும்பாலும் நேராகச் சொல்வதில்லை. பாழடைந்த அலுவலகத்துக் கணினியில் எஞ்சிய கடிதங்கள், ஒலிப்பதிவுகள், சுவரொட்டிகள், ஓர் அறையில் எலும்புக்கூடுகள் கிடக்கும் நிலை ஆகியவற்றைக் கொண்டு ஆடுபவரே நடந்ததை ஊகிக்க வேண்டும். தேடாதவருக்கு அது கிடைக்காது.

நியூ வேகஸில் வரும் நிலவறை 11 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே நுழைபவர் முதலில் தேர்தல் சுவரொட்டிகளைக் காண்கிறார். ஆனால் அவை தம் வேட்பாளருக்கு வாக்குக் கேட்பவையாக இல்லை. பிறர் தலையில் பதவியைக் கட்டப் பார்ப்பவையாக உள்ளன. ஆண்டுக்கு ஒருவரைப் பலி கொடுக்காவிட்டால் எல்லாரும் கொல்லப்படுவர் என்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தேர்தலில் வெல்பவரே பலி. இறுதியில், எஞ்சிய சிலர் இனிப் பலி தரமாட்டோம் என்று மறுக்கின்றனர். அவர்களுக்கு எந்தத் தண்டனையும் வரவில்லை. மறுப்பார்களா என்று பார்ப்பதே சோதனையின் நோக்கம் என்பது அப்போதுதான் தெரியவருகிறது. இந்த உண்மை பிந்திக் கிடைப்பதால்தான் அதன் கனம் கூடுகிறது.

உடுக்கைப் பாட்டாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையின் முறை இதற்கு நேர்மாறானது. பாடகர் பல இரவுகள் பாடுகிறார். கேட்போர் முடிவை முன்பே அறிந்தவர்கள். பொன்னரும் சங்கரும் 16 வயதில் மடிவர் என்பது யாருக்கும் புதிதன்று. ஆகவே 'அடுத்து என்ன' என்ற ஆவலைவிட, 'ஏன் இப்படி ஆயிற்று' என்ற கேள்வியே கேட்போரை விடிய விடிய உட்கார வைக்கிறது. அதற்கு விடை பின்புலத்தில் உள்ளது.

அண்ணன்மார் கதையின் பின்புலம்

பொன்னர்-சங்கர் கதை என இன்று பரவலாக அறியப்படும் இக்கதைக்குக் குன்றுடையான் கதை என்ற பெயரும் கொங்கு நாட்டில் வழங்குகிறது. குன்றுடையான் நாயகர்களின் தந்தை. தந்தை பெயரால் கதை வழங்குவதே முன்தலைமுறைக்கு மரபு கொடுத்த இடத்தைக் காட்டும்.

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் காங்கயம் அருகே உள்ள ஓலப்பாளையத்தில் களப்பணி செய்தார். அங்கு 1965-இல் இ. சி. இராமசாமி பாடிய வடிவத்தை ஒலிப்பதிவு செய்தார். அதன் அடிப்படையில் 'மூன்று இரட்டையர்' என்ற பொருள்படும் ஆங்கில ஆய்வு நூலை 1982-இல் வெளியிட்டார். கதையின் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தன. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' மற்றொரு முக்கியமான அச்சு வடிவம்.

பெக் பதிவுசெய்த மரபில் கதை நாயகர்களின் பாட்டனார் தலைமுறையில் தொடங்குகிறது. கடும் பஞ்சத்தால் ஊரை விட்டுக் கிளம்பும் கோளாத்தாக் கவுண்டர் சோழனிடம் வேலை செய்து, பொன்னிவள நாட்டில் நிலம் பெறுகிறார். காடு கழனியாகிறது. அங்கே பயிரைக் காக்க அவர் போட்ட வேலியில் பசுக்கள் குத்துண்டு இறக்கின்றன. சிவன் சினந்து, குலத்துக்குப் பிள்ளையில்லாச் சாபம் தருகிறார்.

பின்னர் தெய்வ அருளால், கற்களுக்கு இடையே கிடைத்த குழந்தையாகக் குன்றுடையான் வருகிறான். பெற்றோர் மறைந்தபின் பங்காளிகள் அவனை விரட்டுகின்றனர். அவன் வேற்றூரில் பண்ணையாளாக வளர்ந்து, தாமரையை மணந்து, தன் நிலத்துக்குத் திரும்புகிறான். விதை கேட்டபோது பங்காளிகள் வறுத்த விதையைக் கொடுத்தனர் என்றும், அதுவும் முளைத்தது என்றும் கதை சொல்கிறது. பிள்ளை வேண்டித் தாமரை நெடுந்தவம் இருக்கிறாள். அதன் பயனாகப் பொன்னரும் சங்கரும், தங்கை அருக்காணியும் பிறக்கின்றனர். பங்காளிகள் கொன்றுவிடாதிருக்க ஆண் குழந்தைகள் மறைவிடத்தில் தெய்வக் காவலில் வளர்க்கப்படுகின்றனர்.

இவ்வளவும் நாயகர்கள் வாளெடுப்பதற்கு முன் நடப்பவை. இவற்றில் வேலி நிகழ்ச்சி தனியே கருதத்தக்கது. குலத்தின் முதல் குற்றமாகக் கதை காட்டுவது கொலைவெறியையோ பேராசையையோ அன்று, ஒரு வேலியை. பஞ்சத்தில் அடிபட்டு வந்த உழவன் தன் பயிரைக் காக்க நினைத்தது இயல்பு. ஆனால் மேய்ச்சலுக்கு வந்த உயிர்கள் அதில் மாண்டன. கழனியின் காவல் இன்னொன்றின் சாவாக மாறும் இந்த முடிச்சே பின்னர் உழவருக்கும் வேடருக்கும் இடையிலான பகையாகப் பெரிதாகிறது.

நிலமும் காடும்

கதையின் பிற்பகுதியில் பகைவராக வருபவர் காட்டில் வாழும் வேட்டுவர். பல வடிவங்களில் அவர்களின் தலைவன் தலையூர்க் காளி. அருக்காணி ஆசைப்பட்ட கிளிகளைப் பிடிக்க, அண்ணன்மார் பக்கத்தார் வேட்டுவர் காட்டுக்குள் செல்கின்றனர். அதற்குப் பதிலடியாகக் கொம்பன் என்னும் பெரும் பன்றி பொன்னிவள நாட்டு வயல்களை அழிக்க வருகிறது. பொன்னாச்சி என்ற சிறு நாயின் உதவியால் பன்றி வீழ்கிறது. பன்றியைக் கொன்றது போருக்கு வழிவிடுகிறது. போரின் முடிவில் அண்ணன்மாரும் மடிகின்றனர்.

பன்றி வயலில் புகுவதிலிருந்து கதையைத் தொடங்கினால் வேட்டுவர் அழிக்க வந்த கூட்டமாகத் தெரிவர். கிளிகளிலிருந்து தொடங்கினால் எல்லை மீறியது யார் என்ற ஐயம் எழும். காட்டைத் திருத்திக் கழனியாக்கிய காலத்திலிருந்து தொடங்கினால் இது இரண்டு வாழ்க்கை முறைகளின் மோதல் என்பது விளங்கும். எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதே தீர்ப்பைப் பாதி எழுதிவிடுகிறது.

ஃபால்அவுட்டிலும் இதே நிலை உண்டு. முதல் விளையாட்டில் ஷேடி சாண்ட்ஸ் என்ற உழவர் ஊர் வருகிறது. கான்கள் என்ற கொள்ளைக் கூட்டம் அந்த ஊரைத் தாக்கி, தலைவரின் மகளான தாண்டியைக் கடத்துகிறது. ஆடுபவர் அவளை மீட்க வேண்டும். ஆடுபவருக்குக் கான்கள் வெறும் பகைவர். ஆனால் பின்புலத்தைத் தேடினால், ஷேடி சாண்ட்ஸ் உழவரும் கான்களும் நிலவறை 15 என்ற ஒரே இடத்திலிருந்து வெளியேறியவர்கள் என்பது தெரியவரும். ஒரே அறையில் பிறந்தவர்களில் ஒரு பிரிவு மண்ணைக் கிளறியது. மற்றொரு பிரிவு பிறர் விளைச்சலைப் பறித்தது.

நியூ வேகஸில் அந்த உழவர் ஊர் ஒரு குடியரசாக வளர்ந்திருக்கிறது. கான்கள் நிலமிழந்து ஒதுங்கிய சிறுபான்மையினர். கான்களின் கொள்ளைக்குப் பதிலடியாகப் பிட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் குடியரசுப் படை அவர்களைத் தாக்கியது. தப்பி ஓடிய முதியோரும் காயம்பட்டோரும் குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதை அங்குச் சுட்ட படைப்பிரிவில் இருந்த பூன் என்ற பாத்திரத்தின் குற்றவுணர்வு வழியாக ஆடுபவர் அறிகிறார். முதல் விளையாட்டில் கான்களைத் தயங்காமல் கொன்றவருக்கு இந்தச் செய்தி உறுத்தும்.

பங்காளிப் பகையின் இடமும் இங்கே ஒப்பிடத்தக்கது. அண்ணன்மார் கதையில் குன்றுடையானை விரட்டியவர் காட்டு வேடர் அல்லர், சொந்தப் பங்காளிகள். தீமை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதைக் கதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. பின்பகுதியை மட்டும் கேட்பவருக்கு இந்தப் பாடம் கிடைக்காது.

அழிவுக்குப் பின்: அருக்காணியும் படுகளமும்

அண்ணன்மாரின் சாவோடு கதை முடிவதில்லை. அருக்காணி அரண்மனையைத் தீக்கிரையாக்கிவிட்டுக் காட்டுக்குள் அண்ணன்மாரைத் தேடிச் செல்கிறாள். உடல்களைக் கண்டு, தெய்வ அருளால் அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பிக்கிறாள். அவர்கள் பேசிவிட்டு மீண்டும் அடங்குகின்றனர். மூன்று தலைமுறை உழைப்பில் எழுந்த உலகம் எரிந்துபோக, எஞ்சிய ஒரு பெண் அதன் சாம்பலில் நடக்கும் இப்பகுதி காப்பியத்தின் மிக உருக்கமான பகுதி.

கொங்கு நாட்டு அண்ணன்மார் கோயில்களில் இது படுகளம் என்ற சடங்காக நிகழ்கிறது. ஆண்கள் அருள் வந்து, போரில் பட்டவர்களாகத் தரையில் விழுகின்றனர். அவர்கள் மேல் வெண்துணி போர்த்தப்படுகிறது. தங்கையாக நிற்கும் பெண் தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புகிறாள். மணப்பாறை அருகே உள்ள வீரப்பூரில் மாசித் திருவிழா இக்கதையோடு இணைந்து நடைபெறுகிறது. காப்பியத்தின் பெயர்களை அந்த வட்டாரத்தில் இன்றும் காணலாம். வளநாடு ஊர்ப்பெயராக உள்ளது. வீரமலை மலைப்பெயராக உள்ளது. மூவேந்தர் எல்லை எனப்படும் மதுக்கரை செல்லாண்டியம்மன் கோயில் கரூர்ப் பகுதியில் உள்ளது. இந்த மதுக்கரை வேறு, சிமெண்ட் ஆலையால் அறியப்படும் கோயம்புத்தூர் மதுக்கரை வேறு.

விளையாட்டில் பாத்திரமேற்பவர் ஒரு திரையின் முன் தனியாக அமர்கிறார். இறந்தால் முன்பு சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். படுகளத்தில் பாத்திரமேற்பவர் தன் ஊராரின் முன் விழுகிறார். அவரை எழுப்பப் பிறர் கை வேண்டும். எழுந்தபின் கதை முன்னிருந்த இடத்துக்குத் திரும்புவதில்லை; அண்ணன்மார் இறந்தவர்களே. இழப்பை நீக்காமல், இழப்புக்குப் பின் ஊர் எழுந்து நிற்பதையே சடங்கு காட்டுகிறது.

வடிவ மாற்றங்களில் பின்புலத்தின் நிலை

மு. கருணாநிதி இக்கதையைப் 'பொன்னர் சங்கர்' என்ற நாவலாக எழுதினார். அதன் அடிப்படையில் தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த திரைப்படம் 2011-இல் வெளிவந்தது. திரைப்படத்தில் கதை பெற்றோர் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. கோளாத்தாக் கவுண்டரின் பஞ்சமும் வேலியும் சாபமும் அதில் இடம்பெறவில்லை. விளைவாக நாயகர்களின் வீரமும் பகைவரின் சூழ்ச்சியுமே முன்னிற்கின்றன. மூன்று மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டிய கலைக்கு இந்தச் சுருக்கம் தேவையாயிருக்கலாம். எனினும் எது சுருங்கியது என்பதைப் பார்ப்பவர் அறிவது நல்லது. பிரெண்டா பெக் உருவாக்கிய 26 பகுதிகள் கொண்ட பொன்னிவள நாட்டு அசைவூட்டத் தொடர் முன்தலைமுறைகளை விரிவாகவே காட்டுகிறது. மாணவர்கள் கதையின் முழு அமைப்பை அறிய அது உதவும்.

ஃபால்அவுட்டின் திரைவடிவமும் இத்தகைய சிக்கலைச் சந்தித்தது. 2024 தொடரில் ஷேடி சாண்ட்ஸ் அழிந்துவிட்டதாகக் காட்டப்பட்டது. அதன் வீழ்ச்சிக்கு ஒரு கரும்பலகையில் குறிக்கப்பட்ட 2277 என்ற ஆண்டு, 2281-இல் நிகழும் நியூ வேகஸின் செய்திகளோடு பொருந்துகிறதா என்று ரசிகர்கள் வாதிட்டனர். ஓர் ஆண்டுக் குறிப்புக்கு இவ்வளவு வாதம் எழக் காரணம் உண்டு. விளையாட்டின் பின்புலம் ஒரு நிறுவனத்தின் உடைமை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தீர்மானிக்கும் உரிமை அதற்கு மட்டுமே உள்ளது. வாய்மொழிக் காப்பியத்துக்கு அப்படி ஓர் உடைமையாளர் இல்லை. ஒரு பாடகர் விரித்ததை இன்னொருவர் சுருக்கலாம். ஒன்றுக்கொன்று மாறுபட்ட வடிவங்கள் அடுத்தடுத்த ஊர்களில் வாழலாம். இந்த நெகிழ்வு ஒரு வலிமை. ஆனால் பாடுவதை நிறுத்திய பகுதி மறைந்துபோகும் அபாயமும் அதிலேயே உள்ளது.

மதிப்பீடு

இரு படைப்புகளின் பின்புலத்திலும் குறைகள் உண்டு. ஃபால்அவுட்டின் மூன்றாம், நான்காம் பகுதிகளில் போர் முடிந்து 200 ஆண்டுகள் கடந்த பின்னும் வீடுகளில் எலும்புக்கூடுகள் அப்படியே கிடக்கின்றன. கடைகளில் பழைய உணவு எஞ்சியிருக்கிறது. இத்தனை தலைமுறைகள் வாழ்ந்தவர்கள் வீட்டைக் கூடப் பெருக்கவில்லையா என்ற கேள்வி எழுகிறது. அழிவின் தோற்றத்தைக் காட்டும் ஆர்வத்தில், அழிவுக்குப் பின் மக்கள் வாழ்ந்த காலத்தின் வரலாறு மெலிந்துவிடுகிறது. உழவர் ஊர் குடியரசாக வளர்வதைக் காட்டும் முதல் இரு பகுதிகளும் நியூ வேகஸும் இந்த வகையில் மேலானவை.

அண்ணன்மார் கதை நிலவுடைமையாளரின் பார்வையிலிருந்து சொல்லப்படுவது. அண்ணன்மாரோடு இறுதிவரை நின்று போரிடும் சாம்புவன் கோயில்களில் வணங்கப்படுகிறான். ஆயினும் கதைக்குள் அவன் நிலை ஏவல் செய்பவனின் நிலையே. அருக்காணி எழுப்புவது தன் அண்ணன்மாரை. வேட்டுவர் பக்கத்தில் இறந்தவர்களை எழுப்ப ஒரு தங்கை கதைக்குள் வருவதில்லை. வேட்டுவக் கவுண்டர் சமூகத்தினர் இன்றும் கொங்கு நாட்டில் வாழ்கின்றனர். ஆகவே யாரைப் பகைவர் என்று சொல்லிக்கொடுக்கிறோம் என்பது பழங்கதைச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்து அமரும் பிள்ளைகள் தம் முன்னோரைப் பற்றிக் கேட்கும் செய்தி அது.

இந்தச் சாய்வைத் திருத்தக் கதைக்கு வெளியே போகத் தேவையில்லை என்பதே அண்ணன்மார் மரபின் சிறப்பு. வேலியில் மாண்ட பசுக்கள், வறுத்த விதை கொடுத்த பங்காளிகள், காட்டிலிருந்து எடுத்து வரப்பட்ட கிளிகள் ஆகிய எல்லாம் அதன் பின்புலத்திலேயே உள்ளன. பாடகர்கள் தம் குலநாயகரின் புகழைப் பாடும்போதே அக்குலத்தின் குற்றத்தையும் விடாமல் பாடி வந்திருக்கின்றனர். ஆகவே இக்கதையைப் பாடமாகவோ நாடகமாகவோ புதிய விளையாட்டாகவோ ஆக்க முனைவோர், நேரம் போதவில்லை என்றால் போர்க்களக் காட்சிகளில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். கோளாத்தாக் கவுண்டரின் வேலியை விட்டுவிடக் கூடாது.